எல் பாஸோவின் பன்னிருவர்: ஒரு புதிய பயிற்றுநருக்குக் கிடைத்த அணி

விளையாட்டுப் பக்கத்தில் ஆரம்பித்து வரலாற்று நூல்களில் போய் முடிந்த போட்டிகள் உலகில் சிலவே உள்ளன. 1966 ஆம் ஆண்டு மார்ச் 19 ஆம் திகதி இரவு, ஐக்கிய அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் கொலேஜ் பார்க் என்னும் நகரில் நடைபெற்ற கல்லூரிக் கூடைப்பந்தாட்ட இறுதிப்போட்டி அவற்றுள் ஒன்று. டெக்ஸாஸ் மாநிலத்தின் மேற்குக் கோடியிலிருந்து வந்திருந்த டெக்ஸாஸ் வெஸ்டேர்ன் கல்லூரி, அதற்கு முன்னர் நான்கு தடவைகள் தேசிய சம்பியனாகியிருந்த கென்டக்கிப் பல்கலைக்கழகத்தை 72–65 என்ற புள்ளிக்கணக்கில் வென்றது. கென்டக்கி அணியினர் அனைவரும் வெள்ளையர். டெக்ஸாஸ் வெஸ்டேர்ன் சார்பில் அன்று களமிறங்கிய எழுவரும் கறுப்பினத்தவர். கல்லூரிகளின் தேசிய இறுதிப்போட்டி ஒன்றை ஓர் அணி ஐந்து கறுப்பின வீரர்களுடன் ஆரம்பித்தது அதுவே முதற்தடவை.

இக்கதையை வைத்து 2006 ஆம் ஆண்டு 'குளோரி ரோட்' என்ற ஹொலிவூட் திரைப்படம் வெளிவந்தது. டொன் ஹஸ்கின்ஸ் என்ற புதிய பயிற்றுநர் வருகிறார்; யாரும் மதிக்காத ஓர் அணியைப் பொறுப்பேற்கிறார்; கறுப்பின இளைஞர்களைத் தேடிப் பிடித்து வருகிறார்; அதே ஆண்டிலேயே சம்பியனாகிறார். இதுதான் திரைக்கதை. இரண்டு மணி நேரத்தில் சொல்லி முடிக்க வேண்டியவர்களுக்கு இது வசதியானது. ஆனால், ஹஸ்கின்ஸ் அக்கல்லூரிக்கு வந்தது 1961 ஆம் ஆண்டில். வெற்றி கிட்டியது அவரது ஐந்தாவது பருவத்தில். அவர் வந்து சேர்ந்தபோதே அணியில் கறுப்பின வீரர்கள் மூவர் இருந்தனர்.

பத்திரிகைத் தொழிலில் நான் கண்டுகொண்ட ஒன்றுண்டு. வெற்றி பெற்ற நாளின் செய்தியை எல்லோரும் எழுதுவார்கள்; அது முதற்பக்கத்தில் வரும். அந்த வெற்றிக்காக நிலம் பண்படுத்தப்பட்ட நாட்களின் செய்தி உட்பக்கத்தில் நான்கு வரிகளுடன் நின்றுவிடும். வரலாறு எழுதப் புகுபவர்கள் தேடவேண்டியது அந்த நான்கு வரிகளைத்தான். எனவே, ஹஸ்கின்ஸ் யாரைக் கொண்டுவந்தார் என்பதற்கு முன்னதாக, அவருக்கு என்ன கிடைத்தது என்பதைப் பார்ப்போம்.

எல் பாஸோ நகரம் ரியோ கிராண்டே ஆற்றின் கரையில் உள்ளது. மறுகரை மெக்சிக்கோ. 1914 ஆம் ஆண்டு அங்கே சுரங்கத் தொழிற் கல்லூரியொன்று ஆரம்பிக்கப்பட்டது. அக்காலத்தில் கல்லூரித் தலைவராக இருந்தவரின் மனைவி, சஞ்சிகையொன்றில் பூட்டான் நாட்டின் படங்களைப் பார்த்து வியந்து, இங்குள்ள மலைகளுக்கும் அந்தக் கட்டடக்கலை பொருந்தும் என்றாராம். அதனால், இமயமலைச் சாரலின் மடாலயங்களை நினைவூட்டும் சாய்ந்த சுவர்களும் அகன்ற கூரைகளும் கொண்ட கட்டடங்கள் டெக்ஸாஸ் பாலைநிலத்தில் எழுந்தன. 1949 இல் அது டெக்ஸாஸ் வெஸ்டேர்ன் கல்லூரி எனப் பெயர் பெற்றது. 1967 முதல் எல் பாஸோவிலுள்ள டெக்ஸாஸ் பல்கலைக்கழகம் என வழங்கப்படுகிறது.

கட்டடங்கள் பூட்டானைப் போலிருந்தாலும் சட்டம் டெக்ஸாஸின் சட்டமாகவே இருந்தது. 1954 இல், கறுப்பினப் பிள்ளைகளுக்கான டக்ளஸ் உயர்தரப் பாடசாலையில் முதன்மை மாணவியாகத் தேறிய தெல்மா வைற் என்ற பெண், தன் சொந்த ஊரிலிருந்த இக்கல்லூரிக்கு விண்ணப்பித்தார். நிறம் காரணமாக விண்ணப்பம் மறுக்கப்பட்டது. அவர் சமஷ்டி நீதிமன்றத்துக்குச் சென்றார். 1955 ஜூலையில் நீதிபதி தோமசன் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். அவ்வாண்டின் இலையுதிர் காலத்தில் பன்னிரண்டு கறுப்பின மாணவர்கள் கல்லூரிக்குள் காலடி வைத்தனர். கூடைப்பந்து அப்போது காட்சியிலேயே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கதவைத் திறந்தது பந்தல்ல, வழக்கு.

அடுத்த ஆண்டு, 1956 இல், அன்றைய பயிற்றுநர் ஜோர்ஜ் மக்கார்ட்டி, விமானப்படையில் சேவையாற்றியவரான சார்லி பிரவுனை அணியில் சேர்த்துக்கொண்டார். கறுப்பின வீரர் ஒருவர் அக்கல்லூரிக்கு ஆடியது அதுவே முதற்தடவை. தென்மாநிலங்களின் ஏனைய வெள்ளையர் கல்லூரிகளுள் பெரும்பாலானவை அப்போது அதை நினைத்தும் பார்க்கவில்லை.

1961 இல் ஹஸ்கின்ஸ் வந்தார். ஒக்லஹோமா மாநிலத்தில் 1930 இல் பிறந்தவர். ஹென்றி ஐபா என்ற புகழ்பெற்ற பயிற்றுநரின் கீழ் ஆடியவர். பெஞ்சமின், ஹெட்லி, டூமாஸ் ஆகிய டெக்ஸாஸின் சிற்றூர்களில் உயர்தரப் பாடசாலை அணிகளைப் பயிற்றுவித்தவர். கல்லூரி அணியொன்றைத் தலைமையேற்று நடத்திய அனுபவம் அவருக்கு இருக்கவில்லை. எல் பாஸோவில் அவர் குடும்பத்துடன் குடியேறியதும் விளையாட்டு வீரர்களின் விடுதியிலேதான்.

அவருக்குக் கிடைத்த அணியில் முக்கியமானவர் உள்ளூர் இளைஞரான நோலன் றிச்சட்சன். மெக்சிக்கோ வம்சாவளியினர் செறிந்து வாழும் தென் எல் பாஸோவில் பாட்டியாரின் பராமரிப்பில் வளர்ந்தவர். முந்தைய பருவத்தில் ஆட்டமொன்றுக்குச் சராசரியாக 21 புள்ளிகள் குவித்திருந்தார். புதிய பயிற்றுநரோ தம் ஆசான் ஐபாவைப் போலத் தற்காப்பையே வேதமாகக் கொண்டவர். அவசரமான எறிகையை அவர் பொறுத்துக்கொள்வதில்லை. அதனால் றிச்சட்சனின் புள்ளிகள் குறைந்தன. அணியின் வெற்றிகள் கூடின. முதற்பருவத்தில் 18 வெற்றிகள், 6 தோல்விகள். 1963 இல் கல்லூரி தன் வரலாற்றில் முதற்தடவையாகத் தேசியச் சுற்றுப்போட்டிக்குத் தகுதி பெற்றது.

றிச்சட்சனின் பெயர் நகரத்தின் வரலாற்றிலும் இடம்பெற்றது. அவருடன் மென்பந்து ஆடிய பேர்ட் வில்லியம்ஸ் நகரசபை உறுப்பினர். ஆட்டம் முடிந்து இருவரும் உணவகம் ஒன்றுக்குச் சென்றபோது, றிச்சட்சனுக்கு உணவு பரிமாற மறுத்துவிட்டனர். வில்லியம்ஸ் அத்துடன் விடவில்லை. விடுதிகள், உணவகங்கள், திரையரங்குகள் ஆகியவற்றில் நிறப் பாகுபாட்டைத் தடைசெய்யும் உபவிதியை 1962 இல் நகரசபையில் முன்மொழிந்தார். சபை நிறைவேற்றியது, நகர முதல்வர் நிராகரித்தார், சபை அந்நிராகரிப்பையும் மீறி மீண்டும் நிறைவேற்றியது. அமெரிக்கக் குடியியல் உரிமைச் சட்டம் வருவதற்கு அப்போது இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தன.

வெளியூர் வீரர்கள் எல் பாஸோவுக்கு வரத் தயங்காமைக்கான காரணங்களுள் இதுவும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. முதலில் வந்த பெரிய வீரர் ஒக்லஹோமாவின் கனிஷ்ட கல்லூரி ஒன்றிலிருந்து வந்த ஜிம் பார்ன்ஸ். அவரது பலத்தில் 1963–64 பருவத்தில் அணி 25 ஆட்டங்களில் வென்று மூன்றில் மட்டுமே தோற்றது. 1964 இல் தொழில்முறைக் கழகங்கள் வீரர்களைத் தெரிவுசெய்தபோது முதலாவதாக அழைக்கப்பட்ட பெயர் அவருடையதே.

அதன் பின்னர்தான் 1966 இன் பன்னிருவர் ஒன்றுசேர்ந்தனர். இந்தியானாவின் உருக்கு ஆலை நகரமான கேரியிலிருந்து ஹரி ஃப்ளோர்னோயும் ஓர்ஸ்டன் ஆர்ட்டிஸும் வந்தனர். டெட்ரோயிட் பகுதியிலிருந்து பொபி ஜோ ஹில்; ஹூஸ்டனிலிருந்து டேவிட் லற்றின். நியூயோர்க்கிலிருந்து நெவில் ஷெட், வில்லி கேகர், வில்லி வேர்ஸ்லி. இந்த நியூயோர்க் தொடர்பு ஏற்பட்ட விதம் சுவையானது. ஹில்டன் வைற் என்பவர் எல் பாஸோவை அண்டிய ஃபோர்ட் பிளிஸ் இராணுவ முகாமில் முன்னர் பணியாற்றியவர். பின்னாளில் நியூயோர்க்கின் பிரொங்ஸ் பகுதியில் விளையாட்டு மைதானப் பொறுப்பாளரானார். தம்மிடம் பயின்ற இளைஞர்களைத் தாம் அறிந்த ஊருக்கு அனுப்பிவைத்தார். எஞ்சிய ஐவர் ஜெரி ஆம்ஸ்ட்ரோங், லூயி போடுவான், டிக் மையர்ஸ், டோகோ ரெய்லி என்ற வெள்ளையர் நால்வரும், மெக்சிக்கோ வம்சாவளியினரான டேவிட் பலாசியோவும்.

அக்காலத்தில் பயிற்றுநர்களிடையே எழுதப்படாத ஒரு விதி நிலவியது. சொந்த மைதானத்தில் இரு கறுப்பினத்தவரை ஆடவிடலாம், வெளியூரில் மூவரை, தோற்றுக்கொண்டிருந்தால் நால்வரை. கறுப்பின வீரர்களுக்குத் திறமை உண்டு, கட்டுப்பாடு கிடையாது. வழிநடத்த வெள்ளையர் ஒருவராவது களத்தில் வேண்டும் என்பது அந்த விதிக்குக் கற்பிக்கப்பட்ட நியாயம். அது ஏற்கெனவே தளரத் தொடங்கியிருந்தது என்பதும் உண்மையே. 1963 இல் சம்பியனான சிகாகோவின் லொயோலாப் பல்கலைக்கழகம் நான்கு கறுப்பினத்தவருடன் ஆடியது.

1965–66 பருவத்தில் டெக்ஸாஸ் வெஸ்டேர்ன் தொடர்ந்து 23 ஆட்டங்களில் வென்றது. சியாட்டில் அணியிடம் இரண்டு புள்ளிகளால் தோற்றது. தேசியச் சுற்றில் சின்சினாட்டியை மேலதிக நேரத்திலும், கன்சாஸை இரண்டாவது மேலதிக நேரத்தில் ஒரேயொரு புள்ளியாலும் வென்றது. அரையிறுதியில் யூட்டா அணியின் ஜெரி சேம்பர்ஸ் 38 புள்ளிகளைக் குவித்து அச்சுறுத்தினார். அவரை மறித்து நிறுத்தும் வேலை வெள்ளையரான ஜெரி ஆம்ஸ்ட்ரோங்கிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் அதைச் செவ்வனே செய்தார். இறுதிப்போட்டியில் அவர் ஆசனத்திலேயே அமர்ந்திருந்ததால், வரலாறு அவரை எளிதில் மறந்துவிட்டது.

இறுதிப்போட்டியில் ஹஸ்கின்ஸ் செய்த மாற்றம் ஒன்று. உயரமான ஷெட்டுக்குப் பதிலாக, ஐந்தடி ஆறங்குலமே உயரமான வேர்ஸ்லியை ஆரம்ப அணியில் சேர்த்தார். கென்டக்கி வீரர்கள் உயரம் குறைந்தவர்கள், வேகமானவர்கள். அவர்களைச் சமாளிக்க வேகம் தேவைப்பட்டது. அவ்வளவுதான். தாம் வரலாறு படைக்கப் புறப்படவில்லை, வெல்லக்கூடியவர்களையே ஆடவிட்டேன் என்பதுதான் பின்னாளில் ஹஸ்கின்ஸ் எப்போதும் சொன்ன விளக்கம்.

முதற்பாதியில் பொபி ஜோ ஹில் சில விநாடி இடைவெளியில் இரு தடவைகள் எதிராளியின் கையிலிருந்து பந்தைப் பறித்துக் கூடையில் இட்டார். அவர் பெற்றவை 20 புள்ளிகள். எனினும், எண்களைத் துருவிப் பார்க்கும் பழக்கமுள்ள எனக்கு, அந்த இரவின் மெய்யான கதை வேறொரு வரியில் இருப்பதாகத் தோன்றுகிறது. ஆட்டத்தின் ஓட்டத்தில் கென்டக்கி 27 தடவைகள் பந்தைக் கூடையில் இட்டது. டெக்ஸாஸ் வெஸ்டேர்ன் 22 தடவைகள்தான். வேறுபாடு எங்கே வந்தது? எதிரணியின் தவறுகளுக்காகக் கிடைக்கும் தனி எறிகைகளில். அவை 34 கிடைத்தன. 28 கூடையில் விழுந்தன. ஆரவாரிக்கும் அரங்கில் தனித்து நின்று, மூச்சை அடக்கி, நிதானமாக எறிய வேண்டியவை அவை. கட்டுப்பாடு இல்லாதவர்கள் என்று எவர்களைப் பற்றிச் சொல்லப்பட்டதோ, அவர்கள் கட்டுப்பாட்டினாலேயே வென்றார்கள்.

விளைவுகள் உடனே வந்துவிடவில்லை, ஆனால் வந்தன. 1967 இல் தென்கிழக்குக் கல்லூரிகளின் கூட்டமைப்பில் வாண்டபில்ட் பல்கலைக்கழகத்துக்காகப் பெரி வொலஸ் களமிறங்கி, அங்கு ஆடிய முதற் கறுப்பின வீரரானார். கென்டக்கி தன் முதற் கறுப்பின வீரரை 1969 இல் சேர்த்துக்கொண்டது.

இத்துடன் முடித்தால் கதை திரைப்படம் போல இனிமையாக இருக்கும். ஆனால், 1968 ஆம் ஆண்டையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. அவ்வாண்டு ஏப்ரலில் அதே பல்கலைக்கழகத்தின் கறுப்பின மெய்வல்லுநர்கள், பிரிகம் யங் பல்கலைக்கழகத்துடனான போட்டியில் பங்குபற்ற மறுத்தனர். அதை நடத்திய மோர்மன் திருச்சபை அக்காலத்தில் கறுப்பினத்தவருக்குக் குருத்துவ உரிமை வழங்கவில்லை என்பதே அவர்களின் ஆட்சேபம். அவர்கள் அணியிலிருந்து நீக்கப்பட்டனர். அவர்களுள் ஒருவர் பொப் பீமன். ஆறு மாதங்களின் பின்னர் மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் 8.90 மீற்றர் நீளம் பாய்ந்து உலகை வியக்கவைத்தவர் அவரே.

அதே ஆண்டு ஜூலையில் 'ஸ்போர்ட்ஸ் இலஸ்ட்ரேட்டட்' சஞ்சிகை கறுப்பின விளையாட்டு வீரர்களின் நிலை குறித்து ஜக் ஓல்சன் எழுதிய ஐந்து பகுதிக் கட்டுரைத் தொடரை வெளியிட்டது. எல் பாஸோ அதில் கடுமையான விமர்சனத்துக்கு உள்ளானது. வீரர்களை ஆட அழைக்கிறார்கள். அவர்களது படிப்பையும் வாழ்க்கையையும் கவனிப்பதில்லை என்பது குற்றச்சாட்டு. அப்போது அங்கு விளையாட்டுத்துறைப் பணிப்பாளராக இருந்தவர் வேறு யாருமல்லர். 1956 இல் சார்லி பிரவுனை அணியில் சேர்த்த ஜோர்ஜ் மக்கார்ட்டிதான். கதவைத் திறந்தவரே வீட்டுக்குள் வந்தவரைச் சமமாக நடத்துவார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. தமக்கு இழைக்கப்பட்ட அநீதி என ஹஸ்கின்ஸ் அத்தொடரைக் கடைசிவரை கருதினார். வெற்றிக்குப் பின் வந்து குவிந்த வசைக் கடிதங்களுடன் இதுவும் சேர்ந்து, அந்த வெற்றியின் மகிழ்ச்சியை நெடுங்காலம் அவரிடமிருந்து பறித்துவிட்டது.

ஹஸ்கின்ஸ் 1999 வரை அங்கேயே பயிற்றுநராக இருந்து 719 வெற்றிகளுடன் ஓய்வு பெற்றார். 2008 இல் காலமானார். பொபி ஜோ ஹில் எல் பாஸோவிலேயே வாழ்ந்து 2002 இல் மறைந்தார். 1966 அணி முழுவதும் 2007 இல் கூடைப்பந்தாட்டப் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டது. புதிய பயிற்றுநரின் முதல் அணியில் இருந்து, புள்ளிகள் குறைந்துபோன நோலன் றிச்சட்சன், தாமும் பயிற்றுநரானார். ஆர்கன்சாஸ் பல்கலைக்கழகத்தை 1994 இல் தேசிய சம்பியனாக்கினார்.

புதிய பயிற்றுநர் ஒருவர் நியமிக்கப்படும்போது, இவர் யாரைக் கொண்டுவரப் போகிறார், அணியின் எதிர்காலம் என்ன என்று நிருபர்கள் கேட்பது வழமை. 1961 இல் எல் பாஸோவில் அக்கேள்வியைக் கேட்டவர்கள், விடையின் ஒரு பாதி ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டதை அறிந்திருக்க மாட்டார்கள். அந்தப் பாதியை எழுதியவர்களுள் முதலாமவர் கூடைப்பந்தைத் தொட்டவரல்லர். வழக்கில் வென்ற தெல்மா வைற், தாம் வென்ற கல்லூரிக்கு வரவில்லை. இடைக்காலத்தில் சேர்ந்திருந்த நியூ மெக்சிக்கோக் கல்லூரியிலேயே படிப்பைத் தொடர்ந்தார். அவர் திறந்த கதவால் மற்றவர்கள் போனார்கள்.