மரக் குதிரையே இல்லாத 'இலியட்'... கிரேக்க காவியங்களில் யார் ஹீரோ? எளிய விளக்கம்

2004-ல் வெளியான 'ட்ராய்' படத்தைப் பார்த்தவர்களிடம் கதை கேட்டால், இரண்டு விஷயங்களைக் கண்டிப்பாகச் சொல்வார்கள். ஒன்று மரக் குதிரை. இன்னொன்று அக்கிலிஸின் குதிகாலில் பாய்ந்த அம்பு. ஆனா, ட்ராய் போரைப் பாடும் ஹோமரின் 'இலியட்' காவியத்தில் இந்த ரெண்டுமே கிடையாது!

ட்ராய் நகரம் விழுவதற்கு முன்பே, அக்கிலிஸ் சாவதற்கு முன்பே காவியம் முடிந்துவிடுகிறது. கடைசிக் காட்சி, எதிரி நாட்டு வீரன் ஒருவனின் இறுதிச்சடங்கு. ஒரு போர்க் காவியம் ஏன் இப்படி முடியணும்? அதற்கு, அந்தக் காலத்து கிரேக்கர்கள் யாரை 'ஹீரோ' என்று பாடினார்கள் என்பதைத் தெரிஞ்சுக்கணும். பார்க்கலாம்.

இலியட், ஒடிசி என்றால் என்ன?

ஹோமர் பெயரில் வழங்கும் இரண்டு காவியங்கள் இவை. கி.மு. 8-ம் நூற்றாண்டை ஒட்டி உருவானவை என்பது ஆய்வாளர்கள் பலரின் கணிப்பு. இரண்டும் தலா 24 பகுதிகள் கொண்டவை. இலியட்டில் 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வரிகள், ஒடிசியில் 12 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வரிகள் உள்ளன. ட்ராய் போர் 10 ஆண்டுகள் நடந்ததாகக் கதை. ஆனால் இலியட் சொல்வது 10-வது ஆண்டின் சில வாரங்களை மட்டும்தான். கிரேக்க மூலத்தில் அதன் முதல் சொல்லே 'கோபம்'.

ஹீரோ என்றால் நல்லவனா?

ஹீரோ என்றதும் நல்லவன், நாலு பேருக்கு உதவுபவன் என்றுதான் நமக்குத் தோன்றும். ஹோமரின் ஹீரோவுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. போர்க்களத்தின் முன்வரிசையில் நிற்கும் உயர்குடி வீரன் அவன். அவனைப் புரிந்துகொள்ள மூன்று கிரேக்கச் சொற்கள் போதும்.

டிமே: பிறர் தரும் மரியாதை.

கெராஸ்: அந்த மரியாதைக்கு அடையாளமாகக் கையில் கிடைக்கும் பரிசு.

கிளியோஸ்: இறந்த பிறகும் நிற்கும் புகழ். 'கேட்பது' என்ற வேரிலிருந்து வந்த சொல் இது. அதாவது, பாணர்கள் பாட, நாலு பேர் காதில் விழுந்தால்தான் அது புகழ்.

தமிழ் இலக்கியம் படித்தவர்களுக்கு இது புதுசா இருக்காது. சங்கப் பாடல்களை கிரேக்கம் உள்ளிட்ட வீரயுகப் பாடல்களோடு ஒப்பிட்டு, ஆய்வாளர் க.கைலாசபதி 1968-லேயே ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டிருக்கிறார்.

ஏன் உயிரைக் கொடுத்துச் சண்டை போடணும்?

இந்தக் கேள்விக்கு இலியட்டின் 12-ம் பகுதியில் சார்பிடான் என்ற அரசன் பதில் சொல்கிறான். ஊரில் நமக்கு முதல் இருக்கை, நல்ல இறைச்சி, நிறைந்த கோப்பை, வளமான நிலம் எல்லாம் தருகிறார்கள். அப்படியென்றால் முன்வரிசையில் நிற்பதும் நம்ம வேலைதான் என்பது அவன் வாதம். சாவே கிடையாது என்றால் தானும் சண்டைக்கு வரமாட்டேன் என்கிறான். எப்படியும் சாவு வரும், புகழோடு போகலாமே என்பது கணக்கு.

கணக்கு எங்கே தப்புகிறது?

கிரேக்கப் படைத் தலைவன் அகமெம்னான், அப்போலோ கோயில் பூசாரியின் மகளைப் பிடித்து வைத்திருக்கிறான். படையில் கொள்ளைநோய் பரவ, அவளைத் திருப்பி அனுப்ப வேண்டிய நிலை. தன் கௌரவம் குறையக் கூடாது என்று, அக்கிலிஸுக்குக் கொடுக்கப்பட்ட பிரிசெயிஸ் என்ற பெண்ணை எடுத்துக்கொள்கிறான். அக்கிலிஸ் கொதித்துப்போய் போரைவிட்டே விலகுகிறான். இருவரின் மானப் பிரச்னைக்கும் நடுவில் 'பரிசு' ஆனது, போரில் குடும்பத்தைப் பறிகொடுத்த ஒரு கைதி என்பதைக் கவனிக்கணும்.

கிரேக்கர்கள் கொத்துக் கொத்தாகச் சாகிறார்கள். நிறைய பரிசுகளோடு தூது வந்தும் அக்கிலிஸ் இறங்கி வரவில்லை. அவன் முன் இரண்டு வழிகள்: இங்கேயே சண்டை போட்டால் இளவயதில் சாவு, ஆனால் அழியாப் புகழ். ஊருக்குத் திரும்பினால் நீண்ட ஆயுள், புகழ் கிடையாது. கடைசியில் அவனைப் போருக்கு இழுத்தது புகழ் அல்ல, துக்கம். அவன் கவசத்தைப் போட்டுக்கொண்டு களமிறங்கிய உயிர் நண்பன் பேட்ரோக்லஸ், ட்ராய் இளவரசன் ஹெக்டர் கையில் சாகிறான்.

ஹெக்டர் வில்லனா?

இல்லவே இல்லை. 6-ம் பகுதியில் மனைவி ஆண்ட்ரோமகி, போகாதே என்று அவனிடம் கெஞ்சுகிறாள். அவளுடைய அப்பாவையும் ஏழு சகோதரர்களையும் ஏற்கனவே கொன்றவன் அக்கிலிஸ். பின்வாங்கினால் ஊர் என்ன சொல்லும் என்ற வெட்கம் ஹெக்டரைத் தடுக்கிறது. அப்பாவின் தலைக்கவசத்தைப் பார்த்துக் குழந்தை பயந்து அழ, அவன் சிரித்துக்கொண்டே அதைக் கழற்றி வைத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்குகிறான். பிறகு மறுபடியும் அணிந்துகொண்டு போகிறான். அந்தக் குடும்பத்தை நாம் கடைசியாகச் சேர்த்துப் பார்ப்பது அப்போதுதான்.

ஹெக்டரைக் கொன்ற அக்கிலிஸ், உடலைத் தேரில் கட்டி இழுக்கிறான். ஆத்திரம் அடங்கவில்லை. ஒரு ராத்திரி, ஹெக்டரின் வயதான அப்பா பிரியாம் எதிரி முகாமுக்குள் வந்து, தன் பிள்ளைகளைக் கொன்ற கையை முத்தமிட்டு, உன் அப்பாவை நினைத்துப் பார் என்கிறார். இருவரும் சேர்ந்து அழுகிறார்கள். உடலைத் திருப்பித் தரும் அக்கிலிஸ், இறுதிச்சடங்குக்காக 11 நாட்கள் போரையும் நிறுத்தி வைக்கிறான். காவியம் முழுக்க யாராலும் அடக்க முடியாத அந்தக் கோபம், இந்த இடத்தில்தான் தணிகிறது.

செத்த பிறகு அக்கிலிஸ் என்ன சொல்கிறான்?

இதற்குப் பதில் ஒடிசியில் இருக்கிறது. போர் முடிந்து ஊர் திரும்பும் வழியில் ஒடிசியஸ், பாதாள உலகில் அக்கிலிஸின் ஆவியைச் சந்திக்கிறான். இங்கேயும் நீ ராஜாதானே என்று ஆறுதல் சொல்கிறான். இறந்தவர்களுக்கெல்லாம் ராஜாவாக இருப்பதைவிட, நிலம்கூட இல்லாத ஓர் ஏழையிடம் கூலி வேலை செய்துகொண்டு உயிரோடு இருப்பதே மேல் என்கிறான் அக்கிலிஸ். புகழைத் தேர்ந்தெடுத்தவனின் வாயிலிருந்தே வருகிறது இந்தப் பேச்சு!

அந்த ஒடிசியஸும் வேறு மாதிரி ஹீரோதான். வீரத்தோடு தந்திரமும் பொறுமையும் அவன் ஆயுதம். தன்னோடு தங்கினால் சாவில்லாத வாழ்வு தருவதாக காலிப்சோ என்ற தேவதை சொல்லியும், மனைவி இருக்கும் வீட்டுக்கே போக ஆசைப்படுகிறான்.

ஆக, கிரேக்க காவியங்கள் வீரத்தை மட்டும் பாடவில்லை. அந்த வீரத்துக்கு யார் என்ன விலை கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்தே பாடின. இலியட் மரக் குதிரையில் முடியாமல், மகனின் உடலை வாங்கிப் போன ஓர் அப்பாவின் துக்கத்தில் முடிவதற்குக் காரணம் இதுதான்.