தண்டவாளம் கொணர்ந்த பந்தாட்டம்

ஆஸ்திரேலியாவின் நியூ சௌத் வேல்ஸ் மாநிலத்து மேற்கெல்லையில் புரோக்கன் ஹில் என்னும் சுரங்க நகரம் உள்ளது. மாநிலத் தலைநகராகிய சிட்னியில் ரக்பியே கோலோச்சும். இவ்வூராரோ, அணிக்குப் பதினெண்மர் ஆடும் ஆஸ்திரேலியக் கால்பந்தையே தமதாகக் கொண்டனர். காரணம் இருப்புப்பாதையே என்பது, ரயில்வே குமாஸ்தாவாகிய எனது துணிபு.

சிட்னி சுமார் 700 மைல் தொலைவு. அன்று பாதையும் இல்லை. அண்டை மாநிலமான தென் ஆஸ்திரேலியாவோ எல்லைவரை ரயில் கொண்டுவந்தது. அதனை உள்ளே நீட்ட நியூ சௌத் வேல்ஸ் அரசு இசையவில்லை. ஆகவே தனியார் கம்பெனியொன்று சுமார் 36 மைல் பாதையிட்டு, 1888இல் எல்லையோடு இணைத்தது. பெயர் ‘சில்வர்டன் டிராம்வே’. ஓடியது அசல் ரயில்! வெள்ளியும் ஈயமும் அவ்வழியே கடற்கரைக்குச் சென்றன; அடிலெய்டுப் பக்கத்துத் தொழிலாளர் வேலை தேடி வந்தனர். வந்தவர் தம் ஊர் ஆட்டத்தை விட்டுவிடுவரோ? 1890இலேயே பந்தாட்டச் சங்கம் எழுந்தது.

வடக்கு, தெற்கு, மேற்கு, மத்தி என நான்கே அணிகள் நிலைத்தன. ஒரே சுரங்கத்தில் உழைப்போர் சனிக்கிழமை எதிரெதிராக நிற்பர். சிட்னிப் பாதை 1927இல் வந்து சேர்ந்தபோது, தந்தையின் அணியில் மகன் ஆடத் தொடங்கிவிட்டான். வடக்கு அணியில் ஆடிய டெய்லர் வாக்கர் 2015இல் அடிலெய்டு அணித்தலைவரானார். ஊர்க் கடிகாரங்களும் இன்றளவும் அடிலெய்டு நேரமே காட்டுகின்றன.