பார்க்காமலே தடுக்கும் முறை

ஒருவரின் அந்தரங்கப் படம் அவர் சம்மதமின்றி இணையத்தில் பரவினால், அதை நிறுத்தக் கோரி அவர் காவல் நிலையத்திலும் இணைய நிறுவனத்திடமும் அதே படத்தைக் காட்ட வேண்டியிருந்தது. நீதி கேட்டுப் போகும் ஒவ்வொரு வாசலிலும் அந்நியர் சிலர் அதைப் பார்த்தனர். படத்தை யாரிடமும் கொடுக்காமல் பரவலைத் தடுக்கும் முறைகள் உருவாக ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின.

இந்தியாவின் முதல் சைபர் குற்றக் காவல் நிலையம் பெங்களூரில் 2001இல் அமைந்தது. கர்நாடகம் முழுவதும் அப்போது அதன் எல்லை. அதே ஆண்டில்தான் கோலார் தங்கவயலின் சுரங்கம் மூடப்பட்டு, அங்குள்ள தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் தினமும் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகத் தொடங்கினர். தங்கவயலின் சாம்பியன் ரீஃப், மாரிக்குப்பம் பகுதிகளிலிருந்து ஒரு பெண் அந்தக் காவல் நிலையத்தை நாட வேண்டுமானால் சுமார் 100 கிலோமீட்டர் போக வேண்டியிருந்தது. போன பிறகும் படத்தைக் காட்டித்தான் ஆக வேண்டியிருந்தது.

சட்டம் மெல்ல வளர்ந்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 2008இல் சேர்ந்த 66இ பிரிவு, சம்மதமின்றி ஒருவரின் அந்தரங்க உறுப்புகளைப் படமெடுப்பதையும் பரப்புவதையும் குற்றமாக்கியது. 2013இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் வந்த 354சி பிரிவு இன்னும் ஒரு படி முன்னே சென்றது: படமெடுக்க இசைந்த பெண், அதைப் பிறருக்குக் காட்ட இசையவில்லை என்றால், பரப்பியவர் குற்றவாளியே. 2021இன் விதிகள், புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் படத்தை நீக்க நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தின. ஆனால் ஓரிடத்தில் நீக்கிய படம் இன்னோர் இடத்தில் முளைத்தது. ஒவ்வொன்றுக்கும் புதிதாகப் புகார் எழுத வேண்டியிருந்தது.

இதற்கு விடை தந்தது, படத்தை ஒரு குறியீடாக மாற்றும் ஹாஷ் என்னும் கணக்கு முறை. மைக்ரோசாஃப்ட் 2009இல், பேராசிரியர் ஹேனி ஃபரீத்தின் துணையோடு, குழந்தைகள் மீதான பாலியல் கொடுமைப் படங்களைக் கண்டறிய ஃபோட்டோடிஎன்ஏ என்ற ஹாஷ் முறையை உருவாக்கியது. ஃபேஸ்புக் 2019இல் பிடிக்யூ என்ற முறையை எல்லோருக்கும் திறந்து வைத்தது. அது படத்தின் நிறத்தை விட்டு ஒளியளவை மட்டும் எடுத்து, 64க்கு 64 புள்ளிகளாகச் சுருக்கி, அதிலிருந்து 256 இலக்கங்கள் கொண்ட ஓர் இருமக் குறியீட்டைத் தருகிறது. ஒவ்வோர் இலக்கமும் ஒன்று அல்லது சுழியம். அளவு மாறினாலும் சற்று மங்கினாலும் பெரும்பாலான இலக்கங்கள் மாறாததால், இரண்டு குறியீடுகளை ஒப்பிட்டே அதே படம் என்று கண்டுவிடலாம்.

ஆனால் அந்தக் கணக்கை எங்கே போடுவது? ஃபேஸ்புக் 2017இல் ஆஸ்திரேலியாவில் நடத்திய சோதனையில், படத்தை மெசஞ்சர் வழியே அனுப்பச் சொன்னது. நிறுவன ஊழியர் பார்த்த பிறகே குறியீடு உருவானது. எதிர்ப்பு கிளம்பியது. 2021 டிசம்பரில் பிரிட்டனிலிருந்து தொடங்கப்பட்ட ஸ்டாப்என்சிஐஐ என்ற சேவை இதை மாற்றியது. பாதிக்கப்பட்டவரின் கைபேசியிலேயே குறியீடு உருவாகிறது. குறியீடு மட்டும் நிறுவனங்களுக்குச் செல்கிறது. படம் அவரிடமே இருக்கிறது. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களின் படங்களுக்கு டேக் இட் டவுன் என்ற சேவை 2023இல் வந்தது.

இந்திய நீதிமன்றங்களும் ஹாஷ் முறையை ஏற்றன. பாதிக்கப்பட்டவரை மீண்டும் மீண்டும் அலையவிடக் கூடாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2023 ஏப்ரலில் கூறியது. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2025 ஜூலையில் ஒரு பெண் வழக்கறிஞரின் மனு வந்தது. அடையாளம் காட்டுவதற்காக ஆண் காவலர்கள் முன்னிலையில் அவர் காணொளியைப் பார்க்க வைக்கப்பட்டார் என்று அப்போது தெரிவிக்கப்பட்டது. நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், 48 மணி நேரத்தில் படங்களை நீக்க மத்திய அரசுக்கு உத்தரவிட்டார். காவல் ஆவணங்களிலிருந்து அந்தப் பெண்ணின் பெயரையும் நீக்கச் சொன்னார். அவ்வழக்கின் விளைவாக, ஹாஷ் ஒப்பீட்டையும் உட்படுத்திய நடைமுறை வழிகாட்டியை மத்திய அரசு 2025 நவம்பரில் வெளியிட்டது.

குறைகள் இல்லாமல் இல்லை. பெரிதாக வெட்டப்பட்ட படம் ஒப்பீட்டில் தப்பலாம். திட்டத்தில் சேராத தளங்களையும், முழு மறையாக்கம் கொண்ட உரையாடல்களையும் இது எட்டாது. ஃபோட்டோடிஎன்ஏ குறியீட்டிலிருந்து மங்கலான உருவத்தை மீட்கலாம் என்று 2021இல் காட்டப்பட்டதால், குறியீட்டுப் பட்டியலையும் படத்தைப் போலவே காக்க வேண்டும். 1930 என்ற எண்ணிலோ தேசிய சைபர் குற்ற இணையதளத்திலோ இன்று வீட்டிலிருந்தே புகார் தரலாம். ஆனால் அந்தப் புகாரைக் கையில் எடுக்கும் காவலர், படத்தைக் கேட்பதற்கு முன் அது உண்மையிலேயே தேவையா என்று தன்னைக் கேட்டுக்கொள்வதை எந்தக் கணக்கும் செய்து தராது. அதைப் பயிற்சியும் சட்டமும்தான் செய்ய வேண்டும்.