டயானா: காற்றை எதிர்பாராத போர்க்கப்பல்

1823 ஜூலையில் கல்கத்தாவின் கிதர்பூர் துறையில் நீரில் இறக்கப்பட்ட டயானா, போருக்கென்று கட்டப்பட்ட கப்பல் அன்று. தலா 16 குதிரைத்திறன் கொண்ட அதன் இரண்டு எந்திரங்களும் இங்கிலாந்தில் செய்யப்பட்டவை. உடல் கல்கத்தாவில் கட்டப்பட்டது. இருபுறமும் துடுப்புச் சக்கரங்கள், நடுவில் நெடிய புகைபோக்கி. ஹூக்ளி ஆற்றில் ஓடிக்கொண்டிருந்த இந்தச் சிறு படகுதான், கீழைக் கடல்களில் போருக்குப் போன முதல் நீராவிக் கப்பல்.

பர்மாவுடன் மூண்ட போரில், 1824 மே 11 அன்று கிழக்கிந்தியக் கம்பெனியின் படை ரங்கூனைப் பிடித்தது. வங்காளத்திலிருந்தும் மதராஸிலிருந்தும் கடல்வழி வந்த படை அது. மதராஸ் சிப்பாய்கள் அதில் பெரும்பங்கு. நகரம் கிடைத்ததே தவிர, நகர வழி கிடைக்கவில்லை. மழைக்காலத்து ஐராவதி ஆறு கரைபுரண்டு வந்தது. எதிர்நீரில் பாய்க்கப்பல்கள் ஏற முடியவில்லை. சண்டையைவிட நோயே அதிகம் பேரைக் கொண்டுபோனது.

டயானாவைப் போருக்கு எடுக்கச் சொன்னவர் கடற்படைத் தளபதி ஃபிரெடெரிக் மேரியட். பின்னாளில் கடல் நாவல்களால் புகழ்பெற்றவரும் இவரே. சிறு பீரங்கிகளும் காங்கிரீவ் ராக்கெட்டுகளும் அதில் பொருத்தப்பட்டன. ஆனால் அதன் உண்மையான ஆயுதம் களைப்பின்மை. பர்மியரின் நீண்ட போர்ப்படகுகளைப் பல பத்துப் பேர் வலித்தார்கள். குறுகிய தூரத்துக்கு அவற்றின் வேகம் அபாரம். டயானா விடாமல் பின்தொடர்ந்தது. வலிப்பவர்களின் கைகள் ஓய்ந்தன, கொதிகலன் ஓயவில்லை. மற்ற நேரங்களில் அது பாய்க்கப்பல்களையும் படகுகளையும் கட்டி இழுத்தது. அந்த இழுவை வேலையே போருக்கு அதிகம் உதவியது எனலாம். 1826 பிப்ரவரி 24-இல் யாண்டபூவில் போரை முடித்த உடன்படிக்கை ஆனது. அதே ஆண்டு கம்பெனியின் தூதர் கிராஃபர்டைப் பர்மியத் தலைநகர் ஆவாவுக்கு ஏற்றிச் சென்ற டயானா, திரும்பும் வழியில் தரைதட்டியது. காத்திருந்த நாட்களில் கரையில் புதைபடிவ எலும்புகள் திரட்டப்பட்டு லண்டனுக்குப் போயின.

ஆற்றில் வென்ற நீராவி கடலில் உடனே வெல்லவில்லை. கரிதான் தடை. பம்பாயில் கட்டப்பட்ட ஹியூ லிண்ட்சே என்ற நீராவிக் கப்பல் 1830-இல் சூயஸுக்குப் புறப்பட்டபோது தளமெங்கும் கரி குவிந்திருந்தது. ஏடன் சேரும்போது ஏறத்தாழத் தீர்ந்திருந்தது. இன்னொரு குறை துடுப்புச் சக்கரம். பக்கவாட்டில் பீரங்கி வைக்கும் இடத்தை அது அடைத்துக்கொண்டது. ஒரு குண்டு பட்டால் கப்பல் முடங்கும். ஆகவே பெரிய கடற்படைகள் தயங்கின, கம்பெனி மறுபடியும் ஆறுகளையே நாடியது. பர்கன்ஹெட்டில் கட்டிய இரும்புக் கப்பல் நெமிசிஸ், நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, 1840 அக்டோபரில் இலங்கையின் காலித் துறையைத் தொட்டு, அபினிப் போருக்காகச் சீனம் போனது. சுமார் 184 அடி நீளமிருந்தும் ஆழங்குறைந்த நீரில் அது ஓடும். 1841 ஜனவரி 7 அன்று முத்தாற்று முகத்தில், அதன் ராக்கெட் பட்டுச் சீனப் போர்ப்படகு ஒன்று வெடித்துச் சிதறியது. துடுப்புச் சக்கரத்துக்குப் பதிலாக நீருக்கடியில் சுழலும் திருகு விசிறி வந்த 1840-களில்தான், பெரும் போர்க்கப்பல்களுக்குள் கொதிகலன் குடியேறியது.