தற்காலிகக் கோப்புப் பிழை (டாஸ்பாக்ஸில்)

கம்பைலர் வேலையின் நடுவே எழுதிவைக்கும் இடைநிலைக் கோப்பை உருவாக்க முடியாமல் நின்றுபோவதே தற்காலிகக் கோப்புப் பிழை. நிரலில் ஒரு குற்றமும் இல்லாதபோதும் வரும். பழைய டாஸ் கம்பைலர்களை டாஸ்பாக்ஸ் எமுலேட்டரில் ஓட்டுவோர் இதைச் சந்திக்கிறார்கள்.

இடைநிலைக் கோப்பு, நினைவகப் பஞ்சத்தில் பிறந்தது. 1957-இல் ஜான் பாக்கஸ் குழுவினர் ஐபிஎம் 704-க்குத் தந்த ஃபோர்ட்ரான் கம்பைலர் ஆறு பகுதிகளாக ஓடியது. ஒரு பகுதி காந்த நாடாவில் எழுதிவைத்ததை அடுத்தது எடுத்துக்கொண்டது. ஐபிஎம் 1401-இன் ஃபோர்ட்ரான் இதைத் தலைகீழாகச் செய்தது: நிரல் நினைவகத்திலேயே இருக்க, கம்பைலரின் 63 துண்டுகள் ஒவ்வொன்றாக வந்துபோயின. கம்பைலர் வரலாற்றில் இதைவிட அழகான சிக்கனம் அரிது. பிடிபி-11 யூனிக்ஸின் சி கம்பைலர் பழைய வழிக்கே திரும்பி, டெம்ப் டைரக்டரியில் எழுதியது. 640 கிலோபைட்டுக்குள் அடங்கவேண்டிய மைக்ரோசாஃப்ட் சி-யும் அவ்வாறே. எங்கே எழுதுவது என்பதை டிஎம்பி என்னும் சூழல் மாறி சொல்லும். 1987-இல் வந்த டர்போ சி ஒரே ஓட்டத்தில் முடித்துவிடுவதால் அதில் இத்தொல்லை குறைவு.

2002-இல் வெளியான டாஸ்பாக்ஸ், இசட் டிரைவில் திறக்கிறது. அந்த டிரைவைப் படிக்கலாம், அதில் எழுத முடியாது. டிஎம்பி அமைக்கப்படாவிட்டால் மைக்ரோசாஃப்ட் சி, நிற்கும் இடத்திலேயே எழுத முயலும். அந்த இடம் இசட் ஆனால் அங்கேயே தோற்கும். பழைய கணினியிலிருந்து அப்படியே கொண்டுவந்த அமைப்பு, மவுன்ட் செய்யாத, அதாவது வெளிக்கணினியின் ஃபோல்டரோடு இணைக்காத, டி டிரைவைக் காட்டுவதும் உண்டு. இது எமுலேட்டரின் குறையன்று, சூழல் அமைப்பின் குறை.

முதலில் செட் என்று மட்டும் தட்டி, டிஎம்பி எதைக் காட்டுகிறது என்று பார்க்க வேண்டும். பிறகு சி டிரைவில் டிஎம்பி என்றே ஒரு டைரக்டரி உருவாக்கி, செட் கட்டளையாலேயே மாறியை அதற்குத் திருப்ப வேண்டும். அக்கட்டளையில் சமக்குறியின் இருபுறமும் இடைவெளி கூடாது. எக்கோ கட்டளையால் அங்கே ஒரு சிறு கோப்பு எழுதிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். அதுவும் எழுதப்படாவிட்டால், மவுன்ட் செய்த ஃபோல்டரில் வெளிக்கணினி எழுத அனுமதிக்கவில்லை என்று பொருள். விண்டோஸின் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் வைத்திருப்பது வழக்கமான காரணம். சரியானதும் டாஸ்பாக்ஸ் அமைப்புக் கோப்பின் ஆட்டோஎக்ஸெக் பகுதியில் அந்த செட் வரியைச் சேர்த்துவிட்டால், திறக்கும்போதெல்லாம் தட்டவேண்டியதில்லை.

இன்றைய ஜிசிசி, பைப் விருப்பத்தேர்வு தந்தால் கட்டங்களுக்கு இடையே கோப்பே எழுதாமல் தரவைக் கடத்துகிறது.