இரண்டாம் அடுக்கின் வாகை: 2020–21 ஐ-லீக் பருவத்தை எப்படி எழுதுவது?

2021 மார்ச் 27 அன்று மாலை கொல்கத்தாவின் சால்ட் லேக் அரங்கில் கோகுலம் கேரளா அணியும் மணிப்பூரின் ட்ராவ் அணியும் மோதின. அப்போது மூன்று அணிகள் 26 புள்ளிகளுடன் ஒரே வரிசையில் நின்றன. இவ்விரண்டும் போக மூன்றாவது, அதே நேரத்தில் பஞ்சாப் அணியுடன் ஆடிக்கொண்டிருந்த கோவாவின் சர்ச்சில் பிரதர்ஸ். 23ஆம் நிமிடத்தில் வித்யாசாகர் சிங் அடித்த கோலால் ட்ராவ் முன்னிலை பெற்றது. 70ஆம் நிமிடம் வரை அந்நிலை மாறவில்லை. பின்னர் ஆப்கானிஸ்தான் தேசிய அணிக்காக ஆடிய ஷரீஃப் முகம்மது, வயநாட்டு இளைஞர் எமில் பென்னி, கானா நாட்டு டென்னிஸ் ஆன்ட்வி ஆகிய மூவரும் ஏழே நிமிடங்களில் மூன்று கோல்களை அடித்தனர். ஆட்டம் முடியும் தறுவாயில் முகம்மது ரஷீத் நான்காவதையும் அடித்தார். கோகுலம் 4, ட்ராவ் 1. சர்ச்சிலும் தன் ஆட்டத்தை வென்று 29 புள்ளிகளை எட்டியது. ஆயினும் இரு அணிகளும் நேருக்கு நேர் மோதிய ஆட்டங்களின் கணக்கில் கோகுலமே மேலே நின்றது. கேரளத்து அணியொன்று தேசிய லீக் பட்டத்தை வென்றது அதுவே முதன்முறை.

இந்த நிகழ்வு குறித்து இருவகை எழுத்துகளைத் தொடர்ந்து வாசிக்க நேர்கிறது. இங்கே திருவனந்தபுரத்தில் கிடைக்கும் மலையாள விளையாட்டு எழுத்துகள் பலவும் 'இந்தியாவின் சாம்பியன்' என்று எழுதி அமைகின்றன. ஆங்கிலப் பதிவேடுகளோ 'இரண்டாம் நிலை லீக்கின் சாம்பியன்' என்று ஒரு சொற்றொடரில் முடித்துக்கொள்கின்றன. இரண்டும் பொய்யல்ல, ஆனால் இரண்டுமே அந்தப் பருவத்தின் வரலாற்றைச் சொல்லவில்லை என்பதே என் எண்ணம். 'இரண்டாம்' என்ற அந்த ஒரு சொல் எப்போது, எவரால், எப்படி வந்து சேர்ந்தது என்பதைச் சொல்லாமல் அந்தப் பட்டத்தை மதிப்பிட இயலாது.

தேசிய கால்பந்து லீக் 1996–97இல் தொடங்கியது. முதல் பட்டம் பஞ்சாபின் ஜே.சி.டி. அணிக்கு. 2007இல் அது ஐ-லீக் எனப் பெயர் மாறியது. 2010இல் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு ஐ.எம்.ஜி.–ரிலையன்ஸ் நிறுவனத்துடன் 15 ஆண்டுகளுக்கான வணிக ஒப்பந்தம் செய்துகொண்டது. அதன் விளைவாக 2014இல் இந்தியன் சூப்பர் லீக் பிறந்தது. தொடக்கத்தில் அது இரண்டு மாத காலக் கேளிக்கைப் போட்டி போலவே இருந்தது. 2017இல் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு அதற்கு ஏற்பு அளித்தபின் இந்தியாவில் இரண்டு லீக்குகள் இணையாக ஓடின. ஆசியச் சாம்பியன்ஸ் லீக்குக்கான வாயில் அப்போதும் ஐ-லீக் வெற்றியாளருக்கே இருந்தது.

அந்த இணைகாலத்தின் கடைசிப் பட்டம் தமிழ்நாட்டுக்கு வந்தது. 2019 மார்ச் 9 அன்று கோயம்புத்தூர் நேரு அரங்கில் சென்னை சிட்டி அணி, முதல் பாதியில் பின்தங்கியிருந்தும், மினெர்வா பஞ்சாப் அணியை 3–1 எனத் தோற்கடித்தது. 20 ஆட்டங்களில் 43 புள்ளிகள். 42 புள்ளிகளோடு இரண்டாமிடம் பெற்ற ஈஸ்ட் பெங்கால் அதே மாலையில் கோழிக்கோட்டில் கோகுலத்தைத்தான் 2–1 என வென்றுகொண்டிருந்தது. சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பயிற்றுவித்த அந்தச் சென்னை சிட்டி அணியில் 21 கோல்கள் அடித்த பெட்ரோ மான்சி முதலான ஸ்பெயின்காரர்கள் பேசப்பட்ட அளவுக்கு, இரவிபுத்தன்துறையைச் சேர்ந்த மைக்கேல் ரெஜின் போன்றவர்கள் பேசப்படவில்லை. இரவிபுத்தன்துறையும் தூத்தூரும் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தின் பகுதி. எல்லைக்கு இப்பாலுள்ள பொழியூரின் கடற்கரையும் அந்த ஊர்களின் கடற்கரையும் ஒன்றே. அம்மணலில் வளர்ந்த பந்தாட்டத்தை மாநில எல்லையைக் கொண்டு இரண்டாகப் பிரித்து எழுதுவது எனக்கு எப்போதும் செயற்கையாகவே படுகிறது. அது தனியாக எழுதப்பட வேண்டியது, இங்கே நிறுத்துகிறேன்.

சென்னை சிட்டி அப்பட்டத்தின் பயனாக 2020 ஜனவரியில் ஆசியச் சாம்பியன்ஸ் லீக்கின் தகுதிச் சுற்றில் பஹ்ரைனின் ரிஃபா அணியுடன் ஆடி 0–1 எனத் தோற்றது. ஐ-லீக் சாம்பியன் என்ற தகுதியில் ஓர் அணி அப்போட்டிக்குள் நுழைந்தது அதுவே கடைசி. ஏனெனில் அதற்கு முன்பே, 2019 அக்டோபரில், கோலாலம்பூரில் கூடிப் பேசி வகுக்கப்பட்ட திட்டவரைவு ஒன்றை ஆசியக் கூட்டமைப்பின் செயற்குழு ஏற்றுக்கொண்டிருந்தது. அதன்படி 2019–20 முதல் சூப்பர் லீக்கே நாட்டின் முதல் லீக். ஐ-லீக் சாம்பியன் மேலே ஏறும் வாய்ப்பு 2022–23 பருவத்திலிருந்துதான் தொடங்கும்.

மொழியியல் மாணவர்கள் ஆஸ்டினை நினைவுகூர்வர்: சில கூற்றுகள் உலகை விவரிப்பதில்லை, உலகில் ஒன்றைச் செய்கின்றன. 'இக்கூட்டம் இத்துடன் முடிவுற்றது' என்று தலைவர் சொன்னால் கூட்டம் முடிந்துவிடுகிறது. அந்த அக்டோபர் முடிவும் அத்தகையதே. ஆடுகளத்தில் எந்த அணியும் எந்த அணியிடமும் தோற்காமலேயே ஒரு லீக் முழுவதும் ஒரே நாளில் 'இரண்டாம்' ஆயிற்று. பெயர் மாறவில்லை, கோப்பை மாறவில்லை. பொருள் மட்டும் மாறியது.

தமிழில் இது இன்னும் சிக்கலாகிறது. ஜெர்மானியர் தம் இரண்டாம் லீக்கைப் பெயரிலேயே 'ஸ்வைட்டெ', அதாவது இரண்டாவது, என்று அழைக்கின்றனர். அங்கே அது வெறும் எண். நாம் 'இரண்டாம் தர லீக்' என்று எழுதுகிறோம். கடையில் இரண்டாம் தர அரிசி என்றால் என்ன பொருளோ அதுவே வாசகர் மனத்தில் எழும். அமைப்பின் அடுக்கைக் குறிக்க வேண்டிய சொல் ஆட்டத்தின் தரத்தைக் குறித்ததாகிவிடுகிறது. 'அடுக்கு' என்று நான் எழுதுவது இதனால்தான். சொற்பிடிவாதம் என்று சிலர் நினைக்கக்கூடும்.

ஜெர்மனியின் எடுத்துக்காட்டைக் கொஞ்சம் நீட்டுவது பயன்தரும். மேற்கு ஜெர்மனியில் 1974இல் வடக்கு, தெற்கு என இரு பிரிவுகளாகத் தொடங்கிய இரண்டாம் புண்டஸ்லீகா 1981இல் ஒன்றாக்கப்பட்டது. அங்கே 'இரண்டாம்' என்பது ஒவ்வோர் ஆண்டும் ஆடுகளத்தில் மறுபரிசீலனைக்கு உள்ளாகும் ஒரு தற்காலிக நிலை. 1997இல் இரண்டாம் அடுக்கை வென்று மேலே ஏறிய கைசர்ஸ்லாட்டர்ன் அணி 1998இல் ஜெர்மனியின் சாம்பியனாகவே ஆனது. ஏணி இருக்கும்வரை படியின் எண்ணால் எவருக்கும் இழுக்கில்லை. 2020–21இல் இந்தியாவில் படி இருந்தது, ஏணி இல்லை.

சிலர் ஏணியின்றியே மேலே சென்றனர் என்பதையும் சொல்லியாக வேண்டும். பெருந்தொற்றால் பாதியில் நிறுத்தப்பட்ட 2019–20 பருவத்தின் சாம்பியனாக அறிவிக்கப்பட்ட மோகன் பகான், ஏ.டி.கே. அணியுடன் இணைந்து சூப்பர் லீக்கில் நுழைந்தது. ஈஸ்ட் பெங்கால் முதலீட்டாளர் ஒருவரைக் கண்டடைந்து அதே 2020இல் நுழைந்தது. ஆக, கோகுலம் வென்ற பருவமே கொல்கத்தாவின் இரு பெரும் அணிகளும் இல்லாத முதல் பருவம். பட்டத்தின் மதிப்பைக் குறைத்துப் பேசுவோர் முன்வைக்கும் முதன்மைச் சான்று இதுதான். அதில் உண்மை இல்லாமலில்லை. மறுபக்கம், கோகுலம் தானும் கீழிருந்து ஆடி ஐ-லீக்குக்கு வந்த அணியன்று. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சிட் நிதி நிறுவனத்தின் குழுமம் 2017இல் தொடங்கிய இவ்வணி அதே ஆண்டில் நேரடி அனுமதி பெற்றது. பணம் கதவைத் திறக்கும் முறையை எதிர்ப்பவர்கள் இதை மறைக்கக் கூடாது.

இனி அந்தப் பருவத்துக்கு வருவோம். 11 அணிகள். பெருந்தொற்றுக் காலமாதலால் எல்லா ஆட்டங்களும் கொல்கத்தாவிலும் கல்யாணியிலும் மூடிய வளையத்துக்குள் நடந்தன. முதற்கட்டத்தில் ஒவ்வோர் அணியும் மற்றதோடு ஒருமுறை மோதும். முதல் ஆறு அணிகள் பட்டத்துக்கான பிரிவில் மேலும் ஐந்து ஆட்டங்கள் ஆடும். கோகுலம் ஜனவரி 9 அன்று தன் முதல் ஆட்டத்திலேயே தோற்றது; 2–1 என வென்ற எதிரணி சென்னை சிட்டி. அவ்வணிக்கு அதுவே ஐ-லீக்கில் கடைசிப் பருவமாகவும் அமைந்தது. தோல்வியுறாது முதற்கட்டத்தை முடித்த சர்ச்சிலுக்கே பட்டம் என்று பலரும் எண்ணினர். இத்தாலியரான வின்சென்சோ அன்னேசே பயிற்றுவித்த கோகுலம் தடுத்து ஆடும் அணியன்று; கோல்களை வாங்கவும் செய்தது, அடிக்கவும் செய்தது. ஆன்ட்வி மட்டும் 11 கோல்கள். வித்யாசாகர் 12 கோல்களுடன் பட்டியலின் உச்சியில் நின்றார். மணிப்பூரின் ஓர் அணியில், தொலைக்காட்சி வெளிச்சம் குறைந்த ஒரு பருவத்தில்.

கேரளத்தின் முதல் தேசிய லீக் பட்டம் கேரள மண்ணில் ஓர் ஆட்டமும் ஆடாமல் வெல்லப்பட்டது. இது சிறிய செய்தியல்ல. இம்மாநிலத்தின் கால்பந்து நினைவு முழுவதும் கூட்டத்தால் ஆனது. 1973இல் எர்ணாகுளத்தில் அணித்தலைவர் மணி மூன்று கோல்கள் அடித்து ரயில்வேயை வென்ற முதல் சந்தோஷ் கோப்பை. 1990இல் திருச்சூரிலும் 1991இல் கண்ணூரிலும் கேரளக் காவல்துறை அணி வென்ற ஃபெடரேஷன் கோப்பைகள். எல்லாவற்றையும் 'நான் அங்கே இருந்தேன்' என்று சொல்லும் முதியவர்கள் உண்டு. பாளையத்தில் சந்திரசேகரன் நாயர் அரங்கைச் சுற்றியுள்ள தேநீர்க் கடைகளில் சத்யனையும் விஜயனையும் பாப்பச்சனையும் பற்றிய வாய்மொழி வரலாற்றை இன்றும் கேட்கலாம். 2021க்கு அத்தகைய சாட்சிகள் இல்லை. விடுதி அறையில் நண்பர்கள் நால்வர் ஒரு கைப்பேசித் திரையைச் சுற்றி அமர்ந்து பார்த்ததே என் நினைவு. வரலாறு எழுதுபவருக்கு இதுவும் ஒரு சிக்கல்: கூட்டத்தின் நினைவில் இடம்பெறாத வெற்றி பதிவேட்டின் ஒற்றை வரியை எதிர்த்து நிற்கும் வலுவற்றது.

அடுத்த பருவமும் கோகுலத்துக்கே. 2022 மே 14 அன்று சால்ட் லேக்கில், எதிரணியின் ஆதரவாளர்கள் நிறைந்த அரங்கில், முகமடன் ஸ்போர்ட்டிங்கை 2–1 என வென்றது. ஐ-லீக் என்ற பெயர் வந்தபின் எந்த அணியும் பட்டத்தைத் தக்கவைத்ததில்லை. சரியாக நான்கு நாள்களுக்குப் பின், மே 18 அன்று, அதே அரங்கில், ஆசியக் கூட்டமைப்புக் கோப்பையில் முதல் அடுக்கின் ஏ.டி.கே. மோகன் பகானைக் கோகுலம் 4–2 என வீழ்த்தியது. ஓர் ஆட்டத்தை வைத்துத் தரத்தை அளக்கக் கூடாது என்பதை அறிவேன். அடுத்த இரு ஆட்டங்களில் மாலத்தீவின் மாசியாவிடமும் வங்கதேசத்தின் பசுந்தரா கிங்ஸிடமும் தோற்று அவ்வணி வெளியேறியது. எனினும் அடுக்கும் தரமும் ஒன்றல்ல என்பதற்கு ஆடுகளம் தந்த ஒரே எழுத்துச் சான்று அது. ஆவணக் காப்பகத்தில் இப்படியொன்று கிடைத்தால் எந்த ஆய்வாளரும் விட்டுவிட மாட்டார்.

இரண்டு பட்டங்களும் ஏணி இல்லாத ஆண்டுகளில் விழுந்தன என்பதே இக்கதையின் மையம். 2022–23இல் கதவு திறந்தது. பஞ்சாப் மேலே சென்றது. 2023–24இல் முகமடன் சென்றது. அவ்விரு பருவங்களிலும் கோகுலம் மூன்றாமிடம். எனவே 2020–21ஐ எழுதும்போது, 'இரண்டாம் அடுக்கு லீக்' என்பதோடு 'தரமுயர்வு மறுக்கப்பட்டிருந்த பருவம்' என்பதையும் அதே வாக்கியத்தில் எழுத வேண்டும் என்று முன்மொழிகிறேன். 'இந்தியாவின் சாம்பியன்' என்று மட்டும் எழுதும் கேரள நண்பர்களுக்கும் இது பொருந்தும். அந்தச் சொற்றொடர் பெருமையைக் காப்பதுபோல் தோன்றினாலும், நிகழ்ந்த அநீதியையும் சேர்த்தே மறைத்துவிடுகிறது.

2025 ஏப்ரல் 6 அன்று, பட்ட வாய்ப்பு நான்கு அணிகளுக்கு மீதமிருந்த கடைசி நாளில், கோகுலம் தன் சொந்த அரங்கில் ஆடியது. ஏணி இருந்தது, கோழிக்கோட்டுக் கூட்டமும் இருந்தது. தபிசோ பிரவுன் மூன்று கோல்கள் அடித்தார். கோவாவின் டெம்போ நான்கு அடித்தது.