மலையில்லாத ஊரில் நிலத்தோற்றப் பாடம்: கடலூர், சிதம்பரம் வட்டாரத் தொடக்கப் பள்ளிகளை முன்வைத்து

வீராணம் ஏரி நிரம்பும் ஒவ்வொரு முறையும் நாளிதழ்களில் ஓர் எண் வரும்: 47.5 அடி. காட்டுமன்னார்கோயில் பக்கத்துப் பிள்ளைகள் அந்த எண்ணைக் காதில் வாங்கிக்கொண்டே வளர்கிறார்கள். ஏரியில் அத்தனை அடி ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கிறது என்று ஒரு பிள்ளை நினைத்துக்கொண்டால் வியப்பில்லை. பெரியவர்களுக்கே அந்த எண்ணம் வரக்கூடும். வீராணம் அவ்வளவு ஆழமான ஏரி அல்ல. 47.5 அடி என்பது நிரம்பிய ஏரியின் நீர்ப்பரப்பு கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதன் கணக்கு. சோழர் காலத்தில் வெட்டிய ஓர் ஏரி, அதன் கரை, அதற்குக் கிழக்கே கடல்வரை தாழ்ந்துகொண்டே போகும் வயல்வெளி என எல்லாம் அந்த ஓர் எண்ணுக்குள் இருக்கின்றன. இதைவிட நல்ல நிலத்தோற்றப் பாடம் இந்த மாவட்டத்துக்குக் கிடைக்காது. ஆனால் பள்ளியில் நிலத்தோற்றம் என்றதும் மலை, பீடபூமி, சமவெளி, பள்ளத்தாக்கு என்று ஒரு பட்டியல்தான் ஒப்பிக்கப்படுகிறது.

இந்தக் கட்டுரையின் வாதம் இதுதான். கடலூர், சிதம்பரம் போன்ற தட்டையான கடலோர நிலத்தில், தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நிலத்தோற்றம் சிகரங்களிலிருந்து தொடங்கக் கூடாது. அடிக்கணக்கிலும் அங்குலக்கணக்கிலும் உள்ள மேடுபள்ளத்திலிருந்து தொடங்க வேண்டும். அப்படித் தொடங்கினால் கணக்கும் அறிவியலும் தமிழும் வரலாறும் தாமாகவே அந்தப் பாடத்துக்குள் வந்துவிடும், ஒட்டவைக்க வேண்டியதில்லை.

பள்ளிக் கண்காட்சிகளில் வழக்கமாக இடம்பெறுவது எரிமலை. களிமண் கூம்பின் உச்சியில் சமையல் சோடாவையும் வினிகரையும் ஊற்றினால் நுரை பொங்கும், கைதட்டல் எழும். கையால் செய்த வேலைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் எரிமலை பொங்குவதற்கும் அந்த நுரைக்கும் தொடர்பில்லை. தெர்மக்கோலில் வெட்டிப் பச்சை பூசிய மலைகளும் அப்படித்தான்: அவற்றின்மேல் தண்ணீர் ஊற்றிப் பார்க்க முடியாது, மண் அரித்துப் போகாது, எந்தக் கேள்விக்கும் அவை விடை சொல்லா. செய்முறைக் கல்வியில் கை மட்டும் வேலை செய்தால் போதாது. பிள்ளை செய்த மாதிரியைப் பார்த்து, “இங்கே தண்ணீர் ஊற்றினால் எங்கே போகும்?” என்று கேட்க முடிய வேண்டும்.

கடலூர் மாவட்டத்தை மேற்கிலிருந்து கிழக்காகப் பார்த்தால் நிலம் படிப்படியாக மாறுவது தெரியும். பண்ருட்டி, விருத்தாசலம் பக்கத்துச் செம்மண் மேட்டில் முந்திரியும் பலாவும். நெய்வேலியில் 1956இல் நிறுவப்பட்ட நிறுவனம் பழுப்பு நிலக்கரிக்காக வெட்டிய திறந்தவெளிச் சுரங்கப் பள்ளங்கள், தோண்டிக் கொட்டிய மண்ணாலான செயற்கைக் குன்றுகள். அதற்கப்பால் கெடிலம், தென்பெண்ணை, வெள்ளாறு, கொள்ளிடம் கொண்டுவந்து சேர்த்த வண்டல். பின்பு மணல்மேடு, உப்பங்கழி, கடல். கடலூரை ஒட்டிய கேப்பர் மலையின் செம்பாறையும் நெய்வேலியின் நிலக்கரிப் படுகையும் சார்ந்திருக்கும் பாறைத் தொகுதியை நிலவியலாளர்கள் ‘கடலூர் மணற்பாறை’ என்றே அழைக்கிறார்கள். அண்டை மாவட்டத்துத் திருவக்கரையில் கல்லாகிப் போன மரங்கள் கிடப்பதும் இந்தப் பாறையில்தான். தன் ஊரின் பெயர் நிலவியல் நூல்களில் இருக்கிறது என்பதை ஐந்தாம் வகுப்பிலேயே ஒரு பிள்ளை அறிந்துகொண்டால் பாடத்தின்மேல் அதற்குத் தனிப் பற்று வரும்.

குன்றே இல்லை என்றும் சொல்வதற்கில்லை. கெடிலக் கரையில் திருவந்திபுரம் கோயிலுக்கு எதிரே ஔடதகிரி இருக்கிறது. உச்சியில் ஹயக்ரீவர் சன்னதி. கல்விக்குரிய தெய்வம் என்பதால் தேர்வுக்கு முன் பிள்ளைகளை அழைத்துப் போகும் குடும்பங்கள் ஏராளம். சஞ்சீவி மலையைத் தூக்கிச் சென்றபோது அனுமன் கையிலிருந்து விழுந்த துண்டு அது என்பது ஊர்க் கதை. ஒரு நாள் ஆசிரியர் அங்கே அழைத்துப் போனால் என்னவெல்லாம் நடக்கும்? படிகளைப் பிள்ளைகள் எண்ணுவார்கள். சில படிகளின் உயரத்தை அளவுகோலால் அளந்து சராசரி காண்பார்கள். இரண்டையும் பெருக்கினால் குன்றின் உயரம் ஏறத்தாழக் கிடைத்துவிடும். வகுப்புக்குத் திரும்பியதும் அதே வடிவத்தைக் களிமண்ணில் பிடித்து, அகலமான தொட்டியில் வைத்து, இரண்டு இரண்டு சென்டிமீட்டராக நீர் ஊற்றி, ஒவ்வொரு முறையும் நீர் தொடும் விளிம்பைக் குச்சியால் கீறினால் சமஉயரக் கோடுகள் பிறக்கும். கதையைத் தமிழ் வகுப்பில் எழுதலாம். கல்லின் நிறத்தையும் மணலின் பருமையையும் அறிவியல் ஏட்டில் குறிக்கலாம். ஊர்க் கதையையும் பாறையையும் மோதவிட வேண்டியதில்லை. ‘எப்படி வந்ததாகச் சொல்கிறார்கள்’, ‘எதனால் ஆனது’ என்ற இரண்டு கேள்விகளும் வேறு வேறு என்று பிரித்துக் காட்டினால் போதும்.

இந்த வரிசைமுறை புதிதல்ல. சுவிட்சர்லாந்தின் இவெர்டோன் நகரில் 1805 முதல் 1825 வரை பள்ளி நடத்திய பெஸ்டலாட்சி இப்படித்தான் புவியியலைத் தொடங்கினார். அவருடைய மாணவரான வரலாற்றாசிரியர் வுல்லியமின் தம் நினைவுகளில் இதை விவரித்திருக்கிறார். ஊருக்கு வெளியே ஒரு சிற்றாற்றின் பள்ளத்தாக்குக்குப் பிள்ளைகளை அழைத்துப் போவார்கள். நன்றாகப் பார்க்கச் சொல்வார்கள். அங்கேயே களிமண் எடுத்துவந்து, பார்த்த பள்ளத்தாக்கைப் பெரிய மேசைகளின்மேல் வடிக்கச் சொல்வார்கள். நிலப்படம் கண்ணில் காட்டப்பட்டது அதற்கெல்லாம் பிறகுதான். முதலில் நிலம், அடுத்து மாதிரி, கடைசியில் படம். நம் வகுப்புகளில் இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது; பல நேரம் படத்தோடு முடிந்தும் விடுகிறது.

இந்த வட்டாரத்தில் மேடுபள்ளத்தின் வலிமையைக் காட்டப் பிச்சாவரத்தை விடச் சிறந்த இடமில்லை. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே சுமார் 1,100 ஹெக்டேரில் பரந்திருக்கும் அலையாத்திக் காடு அது. அங்கே ஓதம் ஏறுவதற்கும் வற்றுவதற்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆகவே தரை ஒரு சாண் உயர்ந்தாலும் தாழ்ந்தாலும் அங்கே வளரும் மரமே மாறிப்போகும். இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்து மரம் எடுத்தார்கள். நிழல் இழந்த சேறு வெயிலில் காய்ந்து அமிழ்ந்தது. நிலம் நடுவில் குழிந்து தொட்டி போலாயிற்று. உள்ளே ஏறிய ஓதநீர் வெளியேற வழியின்றித் தேங்கி வற்றி, உப்பை மட்டும் விட்டுச் சென்றது. உப்பு மிகுந்த சேற்றில் கன்றுகள் பிழைக்கவில்லை. 1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களோடு சேர்ந்து கண்டறிந்த தீர்வு எளிமையானது: ஒரு முதன்மை வாய்க்கால், அதிலிருந்து இருபுறமும் சாய்வாகப் பிரியும் கிளை வாய்க்கால்கள், மேலிருந்து பார்த்தால் மீன்முள் வடிவம். ஓதம் உள்ளே போய் வெளியே வரத் தொடங்கியது. நட்ட கன்றுகள் நிலைத்தன.

ஒரு காடு ஏன் செத்தது, எப்படி மீண்டது என்ற கேள்விக்கு நிலத்தின் வடிவமே விடையாக இருக்கும் அரிய நிகழ்வு இது. வகுப்பறையில் இதைச் செய்துபார்க்க இரண்டு பிளாஸ்டிக் தட்டுகளும் கொஞ்சம் களிமண்ணும் உப்பும் போதும். இரண்டிலும் நடுவில் குழிந்த சேற்றுத் தரை. ஒன்றில் குழியிலிருந்து விளிம்புவரை வாய்க்கால் கீறியிருக்கும், மற்றொன்றில் இருக்காது. இரண்டிலும் உப்புநீர் ஊற்றி, வாய்க்கால் உள்ள தட்டைச் சற்றே சாய்த்து வடியவிட்டு, இரண்டையும் வெயிலில் வைக்க வேண்டும். சில நாளில் எந்தத் தட்டில் வெள்ளை பூத்திருக்கிறது என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். கிள்ளையை அடுத்த எம்.ஜி.ஆர். நகரில் வாழும் இருளர் குடும்பங்கள், நீருக்கடியில் கையால் தடவியே இறால் பிடிப்பவர்கள். ஓடையில் எங்கே பள்ளம், எங்கே திட்டு என்பதை அவர்களைப் போல் அறிந்தவர்கள் இல்லை. அவர்களில் ஒருவரை ஒரு மணி நேரம் வகுப்புக்கு அழைத்துப் பேசவைப்பது ஒரு பாடநூல் அதிகாரத்துக்கு நிகர். அந்தக் குடியிருப்பிலிருந்து வரும் பிள்ளைக்கு அன்று வகுப்பில் கிடைக்கும் மதிப்பும் கல்வியின் பகுதிதான்.

2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு எழுந்த ஒரு விவாதமும் இங்கே பயன்படும். பரங்கிப்பேட்டைக் கரையோரம் 18 குடியிருப்புகளை ஆராய்ந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கதிரேசனும் ராஜேந்திரனும், அலையாத்திக் காடு உயிரிழப்பைக் குறைத்தது என்று 2005இல் எழுதினார்கள். அடுத்த ஆண்டே கெர், பெயர்ட், காம்ப்பெல் ஆகியோர் அதே தரவுகளை மறுபடி கணக்கிட்டு, கடலிலிருந்து உள்ள தொலைவும் தரையின் உயரமுமே இழப்பைப் பெரிதும் தீர்மானித்தன என்று வாதிட்டார்கள். யார் சொன்னது சரி என்று பத்து வயதுப் பிள்ளை தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒரு தொட்டியில் சரிவான மணற்கரை அமைத்து, ஒரு முறை ஈர்க்குச்சிகளை நெருக்கமாக நட்டும், ஒரு முறை நடாமலும், ஒரு முறை கரையை மட்டும் உயர்த்தியும் அலை எழுப்பிப் பார்க்கலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்ற அறிவியல் ஒழுங்கைக் கற்க இதைவிடப் பொருத்தமான சோதனை இந்தக் கரையில் இல்லை. ஒரே ஒரு எச்சரிக்கை. தேவனாம்பட்டினத்திலும் சின்னவாய்க்காலிலும் அந்த நாள் இன்னும் வீட்டு நினைவு. உயிரிழப்புக் கணக்கைத் திரட்டப் பிள்ளைகளை வீடு வீடாக அனுப்பக் கூடாது.

வெள்ளத்தைப் பற்றி அப்படித் தயங்க வேண்டியதில்லை. திட்டுக்காட்டூர், கீழகுண்டலபாடி, அக்கரை ஜெயங்கொண்டபட்டினம் ஆகிய கொள்ளிடத்துத் திட்டுக் கிராமங்களில் தண்ணீர் எதுவரை ஏறும் என்பது ஊர் அறிந்த செய்தி. 2015 பெருமழையும் 2024 டிசம்பரில் தென்பெண்ணையில் வந்த வெள்ளமும் கடலூர்ப் பகுதியின் சுவர்களில் கோடு விட்டுச் சென்றன. அந்தக் கோட்டைத் தரையிலிருந்து அளந்து, ஆண்டு எழுதி, பாட்டியிடம் கேட்டதை நான்கு வரியில் தமிழில் எழுதிச் சுவரொட்டியாக்கினால் புவியியலும் வரலாறும் மொழியும் ஒரே தாளில் சேரும். திட்டு, மேடு, ஓடை, படுகை, முகத்துவாரம் என்று பிள்ளைகளின் வாயில் ஏற்கெனவே புழங்கும் சொற்களே இந்த வகுப்பின் கலைச்சொற்கள்.

மேடுபள்ளம் அளக்கக் கருவி? கொத்தனார் மட்டம் பார்க்கும் ஒளிபுகும் தண்ணீர்க் குழாய் போதும். பத்து மீட்டர்க் குழாய், இரண்டு அளவுகோல். பள்ளிக் கதவிலிருந்து மழைக்குத் தண்ணீர் தேங்கும் மூலைவரை படிப்படியாக அளந்து, வித்தியாசங்களைக் கூட்டிக் கழித்து, கட்டத்தாளில் வரைந்தால் பள்ளி வளாகத்தின் குறுக்குவெட்டு கிடைக்கும். கடற்கரைக்கோ ஆற்றுக்கோ போக வேண்டிய ஆபத்தும் இல்லை.

மாதிரி செய்யும்போது ஒரு நேர்மை வேண்டும். ஒரு கிலோமீட்டரை ஒரு சென்டிமீட்டராகச் சுருக்கி மாவட்டத்தை மேசைமேல் அமைத்தால், வீராணத்தின் 47.5 அடி, அதாவது ஏறத்தாழ 14.5 மீட்டர், 0.145 மில்லிமீட்டராகிவிடும், ஒன்றிரண்டு தாள்களின் தடிமன். எனவே உயரத்தைப் பெருக்கியே காட்ட வேண்டியிருக்கும். எத்தனை மடங்கு பெருக்கினோம் என்பதை மாதிரியின் ஓரத்தில் எழுதாவிட்டால், பிள்ளை பொய்யான நிலத்தைக் கற்றுக்கொள்ளும்.

இதற்கு எதிர்வாதங்கள் உண்டு. 2006இல் கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் ஆகியோர் எழுதிய கட்டுரை, வழிகாட்டல் குறைந்த கண்டறிதல் முறை புதிதாகக் கற்போரின் நினைவாற்றலுக்குச் சுமையாகும் என்று வலுவாக வாதிட்டது. அந்தக் கண்டனம் நியாயமானது. ‘மண்ணில் விளையாடுங்கள், தானே புரியும்’ என்று விட்டுவிடுவது கற்பித்தல் ஆகாது. மேலே சொன்ன செயல்கள் ஒவ்வொன்றிலும் ஆசிரியர் கேட்கும் கேள்வி, அளக்க வேண்டிய அளவு, எழுத வேண்டிய வரி முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டவை. அவை இல்லாவிட்டால் இவற்றைச் செய்யாமலிருப்பதே மேல்.

ஏற்கெனவே உள்ள திட்டங்களுக்கே நேரமில்லை என்பது இரண்டாவது எதிர்வாதம். தமிழ்நாட்டில் செயல்வழிக் கற்றல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கி, 2007–08இல் மாநிலம் முழுவதும் பரவியது. 2022 முதல் எண்ணும் எழுத்தும் திட்டம் நடக்கிறது. எழுத்தறிவும் எண்ணறிவும் முதன்மை என்ற அந்தத் திட்டத்தின் நோக்கத்தோடு நிலத்தோற்றப் பாடம் மோத வேண்டியதில்லை. படி எண்ணுவதும் சராசரி காண்பதும் எண். பாட்டி சொன்னதை எழுதுவது எழுத்து. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் நம் மாநிலத்தில் நடத்திவரும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு, உள்ளூர்ச் சிக்கலைப் பிள்ளைகளே ஆராயலாம் என்பதை 1993 முதல் காட்டிவருகிறது. அதில் பத்து வயதிலிருந்தே பங்கேற்கலாம் என்பதால் ஐந்தாம் வகுப்புக்கும் அது எட்டாத மேடையல்ல.

திணைக் கோட்பாட்டை இதில் கொண்டுவரலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நிலம், பொழுது, மரம், பறை, தொழில் எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்த மரபு அது. பாடங்களை இணைப்பதற்கு நம்மிடமே உள்ள முன்மாதிரி. ஆனால் ஐந்திணை அட்டவணையை மனப்பாடம் செய்யவைத்தால் அதுவும் இன்னொரு பட்டியலாகிவிடும். பரங்கிப்பேட்டைப் பிள்ளை தன் தெருவின் மரம், மீன், தொழில், பாட்டு ஆகியவற்றை முதலில் தானே தொகுக்கட்டும். நெய்தல் என்ற பெயர் அதற்குப் பிறகு வரட்டும்.

ஒவ்வொரு ஆசிரியரும் தனியாக இதைச் செய்வது கடினம். கடலூர் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம், குறுவள மையக் கூட்டங்களின் வழியாக, ஒவ்வொரு பள்ளிக்கும் இரண்டு பக்கக் குறிப்பு ஒன்றைத் தயாரித்துத் தர வேண்டும்: பள்ளி கடல்மட்டத்திலிருந்து எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது, மழைநீர் எந்த வாய்க்கால் வழியாக எந்த ஆற்றில் சேர்கிறது, மண் என்ன, கடைசி வெள்ளம் எதுவரை வந்தது. முதல் மூன்றுக்குமான தகவல்கள் நில அளவைத் துறையிடமும் நீர்வளத் துறையிடமும் வேளாண் துறையிடமும் ஏற்கெனவே இருக்கின்றன. நான்காவதைப் பிள்ளைகளே கேட்டு எழுதிவிடுவார்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன், அடுத்த கல்வியாண்டின் முதல் பருவத்திலேயே, அந்த இரண்டு பக்கம் பள்ளிகளின் கையில் கிடைக்கட்டும்.